பதினேழாம் எண்

இருபத்தொன்பது பிள்ளைகளின் விரலைக் குத்தியாகிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு பையன்.

நர்மதாவுக்குக் கை வியர்த்துக் கொட்டியது. கையுறையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டாள்.

ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் அதில் ஈயம் எவ்வளவு என்று மூன்றே நிமிடத்தில் காட்டும் கருவி அது. கல்லூரியில் கெஞ்சி வாங்கி வந்திருந்தாள். காலையிலிருந்து அது காட்டியதெல்லாம் ஆறு, எட்டு, ஐந்து.

அவள் தேடி வந்தது அறுபத்தொன்று.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர் இது. பழைய பேட்டரியை உருக்கும் கம்பெனி கூப்பிடு தூரத்தில் இருந்தது. இரண்டு மாதம் முன்பு, முனைவர் பட்ட ஆய்வுக்காக முப்பது பிள்ளைகளுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்து, குப்பிகளில் எண் மட்டும் ஒட்டி அனுப்பினாள். முடிவு போன வாரம் வந்தது. பதினேழாம் எண்ணில் அறுபத்தொன்று.

நாற்பத்தைந்தைத் தாண்டினாலே பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். முதலில் பிள்ளை சோர்ந்து மந்தமாகக் கிடக்கும். விட்டால் வலிப்பு வரும். உயிரே போனாலும் போகும்.

பதினேழு யார்?

அதுதான் தெரியாது. சம்மதக் கையெழுத்துப் போட்ட முப்பது தாய்மாரின் பெயர் கல்லூரி பீரோவில் இருந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்த எண் என்று எழுதிய தாள் ஒன்றே ஒன்றுதான். அதை ரத்தம் எடுத்த அன்றே கொளுத்திவிட்டாள், மகராசி.

சும்மா கொளுத்தவில்லை. அன்று சாயங்காலம் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் பைக்கில் வந்து, யார் யார் ரத்தம் கொடுத்தது என்று அதட்டிக் கேட்டார்கள். ஆய்வுக்கு வந்தவர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அவள் படித்த முதல் பாடம். பயத்தில் பாடத்தைக் கொஞ்சம் அதிகமாகவே கடைப்பிடித்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

பதினேழை விலக்கிவிட்டு எழுதம்மா என்றார் வழிகாட்டி துளசிராமன். ஒரு எண் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் விலக்குவதற்கு முறை இருக்கிறது, அடிக்குறிப்பில் ஒரு வரி போதும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. முறையும் அப்படித்தான் இருக்கிறது.

அவளுக்குத்தான் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

கடைசிப் பையன் பார்த்திபன். நாலு ஏக்கர் நெல் வைக்கும் குணசுந்தரியின் மகன். அங்கன்வாடி வாசலில் தூணைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டினான். இரண்டு பெண்கள் பிடித்துக்கொள்ள, நர்மதா விரலைக் குத்தினாள்.

மூன்று நிமிடம்.

இவன்தான், வேறு யாராக இருக்க முடியும்? சென்னையில் டாக்டரிடம் பேசிவைத்திருந்தாள். வேன் ரோட்டோரம் நின்றது. தாயிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. பையனின் கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

கருவி காட்டியது: நான்கு.

இன்னொரு விரலில் குத்தினாள். நான்கு.

"அதான் எல்லாப் புள்ளைக்கும் நல்லாக்கீதே, அப்பறம் இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?" என்று சிடுசிடுத்தாள் ஒரு தாய். சட்டென்று நர்மதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடவுளே, ஆய்வகம்தான் தப்புப் பண்ணியிருக்கிறது. எவனோ குப்பியை மாற்றிவிட்டான். ஏழு நாள் செத்துப் பிழைத்தது இதற்குத்தானா! பார்த்திபனைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். அவன் இன்னும் பெரிதாக அழுதான்.

எல்லாரும் கிளம்பிய பிறகு குணசுந்தரி மட்டும் நின்றாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"மேடம், கோச்சிக்காதீங்க. அன்னிக்கு ஊசின்னதும் இவன் ஓடிப்போயி வைக்கப்போராண்ட ஒளிஞ்சிக்கினான். நீங்க குடுக்கற டிபன் பாக்ஸு எதுக்கு வீணாப் போவணும்னு, பின்னாடி ரூம்ல வாடகைக்கு இருந்த இந்திக்காரங்க புள்ளைய இட்டாந்து இவன் பேர்ல ஒக்கார வெச்சிட்டேன்."

நர்மதா பிள்ளையை இறக்கிவிட்டாள். அவர்கள் எங்கே என்று கேட்டாள்.

"அந்தாளு பேட்டரி கம்பெனிலதான் வேல செஞ்சாரு. நிறுத்திட்டாங்கன்னு போன மாசமே காலி பண்ணிக்கினு போய்ட்டாங்க. எந்த ஊருன்னு யாரு கண்டா? அந்தப் புள்ள பேரு கூட வாயில நொழையாது மேடம். எப்பப் பாரு தூங்கிக்கினே கெடக்கும்."

நர்மதா வேன்காரரைப் போகச் சொன்னாள்.

ஊரில் ஐந்து வருடத்துக்கு மேல் குடியிருப்பவர்களை மட்டுமே சேர்க்க வேண்டும், வந்து போகிற வாடகைக்காரர்கள் வேண்டாம் என்று விதி எழுதியவளே அவள்தான். வழிகாட்டி அதைப் பாராட்டிக்கூட இருந்தார்.

அவளுக்கு முகம் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. முப்பதில் ஒரே ஒரு பிள்ளை ஊசி குத்தும்போது அழவில்லை. கையை நீட்டியபடி எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எல்லாரும் இப்படி இருக்க வேண்டும் என்று மற்றப் பிள்ளைகளிடம் அதைக் காட்டி, கைதட்டச் சொல்லியிருந்தாள்.