அவனுக்குப் பத்து நிமிஷம்

"கேக் சுடும் 'அவன்' அடுப்பைக் காலியாக வைத்துச் சூடாக்குவதைவிடப் பெரிய மூடநம்பிக்கை மனித வரலாற்றிலேயே கிடையாது" என்று சமையலறை வாசலில் நின்று முழங்கினார் பேராசிரியர்.

மனைவி மாவைக் கலக்கியபடியே அவனின் குமிழைத் திருகினாள். "பத்து நிமிஷம் சூடேறணும். எடுத்த எடுப்புல வெச்சா அமுங்கிடும். இதை வெச்சிட்டு நான் வண்டியில கடைக்குப் போகணும்."

"எதையும் நேரா செய்யணும்மா. சுத்தி வளைக்கிறது எனக்கு ஆகாது."

சொல்லிவிட்டு அவர் எச்சில் பாத்திரங்களைத் தேய்க்கத் தொடங்கினார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீடு காணாத காட்சி.

"இன்னைக்கு உன் முகத்துல ஒரு களை."

"ம்."

"உன் கைமணம் யாருக்கு வரும் சொல்லு."

"ம்ம்."

"உங்கப்பா மாதிரி தங்கமான மனுஷன்..."

மாமனார் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர் அவர். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். டிங் என்று மணியடித்தது.

"அவன் சூடாயிடுச்சு. எனக்கும் உச்சி குளிர்ந்தாச்சு. வைக்க வேண்டியதை வைங்க."

பேராசிரியர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். "உன் புது ஸ்கூட்டரைச் சுவத்துல லேசா இடிச்சிட்டேன்மா."

"எவ்வளவு லேசா?"

பேராசிரியர் கழுவி வைத்த பாத்திரம் ஒன்றை எடுத்து மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார்.

"உங்கம்மாவும் தங்கம்தான்" என்றார்.