ராத்தாவின் மெசின்

பெருநாள் முடிந்த மறுநாளே சிபானா தன் ராத்தாவின் வீட்டுக்குச் சண்டைக்குப் போனாள்.

"கட்டாரிலயிருந்து மச்சான் அனுப்பின வலி போக்குற கரண்டு மெசின இந்தத் தெருவே முதுகுல ஒட்டிப் பாக்குது. நரம்பு வலியில துடிக்கிற தங்கச்சிக்கு மட்டும் இல்லையா?"

"உனக்கு வேணாம் புள்ள."

"கட்டார் காசு, மூணு புள்ள, மெசின், எல்லாம் உங்களுக்கே! எனக்குக் கலியாணம் முடிச்சு ஒன்பது வருசமா வெறும் மடி. இந்த வலியோடயும் நான் முப்பது நோன்பும் பிடிச்சன். நீங்க ஏழு விட்டீங்க!"

ராத்தா குரலைத் தாழ்த்தினாள். "பொம்புளைக்கு மாசத்துல நோன்பில்லாத நாள் வரும். உனக்கு ஏன் வரல்ல?"

சிபானா விரல் மடித்து நாள் எண்ணினாள்.

"சொல்லி, இல்லாமப் போனா நீ தாங்கமாட்டாயெண்டு பேசாம இருந்தன். புள்ளத்தாச்சிக்கு அந்த மெசின் வைக்கக் கூடாது."