ஒன்ஸ் மோர்

இரண்டாவது பாட்டின் நடுவில், நான் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

புல்லாங்குழலே அந்தப் போன்தான்.

கீபோர்டு படிக்கட்டில் உருண்டு உடைந்ததிலிருந்து எங்கள் குழுவில் பாதி வாத்தியம் அதுதான். நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திய வருஷம் அப்பா வாங்கித் தந்தது. புல்லாங்குழல் ஆப்பைத் திறந்தால் திரையில் நான்கு வட்டங்கள் இருக்கும். அவைதான் துளைகள். போனின் அடியில் மைக் இருக்கிற ஓட்டையில் ஊத வேண்டும். லேசாகச் சாய்த்தால் சுரம் நடுங்கும். விரல் வியர்த்தால் வட்டம் ஒட்டிக்கொள்ளும். அதனால் எப்போதும் இடுப்பில் ஒரு கைக்குட்டை செருகியிருப்பேன்.

தூரத்திலிருந்து பார்த்தால், ஒரு பெண் யாரிடமோ ரகசியம் பேசுவதுபோல் இருக்கும். எனக்கும் அது வசதி. யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அடித்ததும் வட்டங்கள் மறைந்துவிட்டன. பச்சையும் சிவப்பும் வந்தன. மேலே ‘சித்தி’ என்று இருந்தது.

அப்பா நான்கு நாளாக ஐ.சி.யு.வில் இருந்தார். அண்ணனும் நானும் வராந்தாவில் உட்கார்ந்திருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று சித்திதான் காலையில் எங்களைத் துரத்திவிட்டாள். அண்ணன் வண்டியை எடுக்க முன்னால் போய்விட்டான். சித்தி லிஃப்ட் வரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு முழிச்சார்னா மெசேஜ் போடறேன் பாப்பா. நான் போன் பண்ணினா...”

லிஃப்ட் வந்துவிட்டது. அவள் முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னாலும் அண்ணன் ஃப்ளைட் மோடு போட்டாயா என்று மூன்று தடவையாவது கேட்பான். இன்றைக்குக் கேட்கவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். நானும் போடவில்லை.

போனிலிருந்து ஒயர் மிக்சருக்குப் போகிறது. அதனால் மணி என் கையில் அடிக்கவில்லை. ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டிலும் அடித்தது.

முந்நூறு பேர் சிரித்தார்கள். ஒரு பெயின்ட் கம்பெனியின் டீலர்கள் கூட்டம் அது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. முன்வரிசையில் ஒருவர் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பச்சையைத் தள்ளினால் சித்தியின் குரலும் அந்தப் பெட்டிகளில்தான் வரும். அவள் அழுதால் அழுகையும் வரும். ஒயரைப் பிடுங்கலாம். போன வருஷம் ஒரு தடவை அப்படிப் பிடுங்கியபோது, அது போட்ட சத்தத்தில் ஒரு பெட்டியே கிழிந்துபோனது.

ரிதம் பேட் வாசிக்கும் இடி மாமாவுக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் கை சும்மா இருக்காது. இரண்டே சுற்றில் மணியின் தாளத்தைப் பிடித்துவிட்டார். அது மேலே போகப் போக இவர் கீழே தட்டிக்கொண்டே வந்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

அண்ணன் மைக்கோடு என் பக்கம் திரும்பினான். திரையைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான்.

“பாப்பாவுக்கு மாப்பிள்ளை வீட்லேருந்து பேசறாங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க!”

மறுபடி சிரிப்பு. நான் சிவப்பைத் தள்ளினேன். வட்டங்கள் வந்தன. விட்ட இடத்திலிருந்து ஊதினேன். சுரம் சரியாக நின்றது. எனக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை.

பாட்டு முடிந்தது. பின்வரிசையில் ஒன்ஸ் மோர் என்று கத்தினார்கள். பாட்டைக் கேட்கவில்லை. அந்த ரிங்டோன் பிட்டைக் கேட்டார்கள். நாங்கள் ஒத்திகை பார்த்துச் செய்தது என்று நினைத்துவிட்டார்கள்.

இடி மாமா என் பக்கம் குனிந்தார்.

“யாரா இருந்தாலும் இன்னொரு தடவ அடிக்கச் சொல்லு பாப்பா. பிரமாதமா செட் ஆகுது.”

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுபடியும் அடித்தது.

இந்தத் தடவை நான் சிவப்பைத் தொடவில்லை. போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நான்தான் வாசிக்கிறேன் என்பதுபோல் விரல்களை அசைத்தேன். இடி மாமா சேர்ந்துகொண்டார். அண்ணன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கித் தட்டச் சொன்னான். முந்நூறு பேரும் தட்டினார்கள். மணியின் சுருதியிலேயே, ஹலோ ஹலோ என்று அண்ணன் இழுத்துப் பாடினான். மேலே போனான், இன்னும் மேலே போனான். அவன் அவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதில்லை.

மணி தானாகவே நின்றது. கைதட்டல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

தவறிய அழைப்பு என்று ஒரு வரி வந்தது. அதைத் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்கு வட்டங்களைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து பாட்டு. ஒன்றில்கூட நான் தப்பு விடவில்லை. போனும் அடிக்கவில்லை.

கூட்டம் சாப்பாட்டுத் தட்டுகள் இருந்த பக்கம் எழுந்து போனது. கம்பெனி மேனேஜர் மட்டும் மேடைக்கு வந்து, அந்தப் போன் பிட்டு யாருடைய யோசனை என்று கேட்டார். அண்ணன் என்னைக் காட்டினான். அவர் கை நீட்டினார். நானும் நீட்டினேன். ரொம்ப நேரம் குலுக்கினார்.

அவர் போனதும் அண்ணன் மிக்சரில் சத்தத்தை முழுக்க இறக்கினான். போனிலிருந்து ஒயரை மெதுவாக உருவி, முழங்கையில் சுற்ற ஆரம்பித்தான். யார் கூப்பிட்டது என்று அவன் கேட்கவில்லை.

“அப்பாவ எத்தன மணிக்குத் தருவாங்கன்னு சித்திகிட்ட கேளு” என்றான்.