நீண்ட முக்காடு

அருள்செல்வியின் முக்காடு ஞாயிறுக்கு ஞாயிறு தானாகவே நீண்டது. அவள் சொன்ன பொய்யால் ஓரகத்தி ரெஜினாவின் மகள் கல்யாணம் நின்றுபோனதிலிருந்து அப்படித்தான். யார் கண்ணிலும் படாதவரை நிம்மதி. இன்று தேவாலயத்தில் பூசையின்போது அது முகத்தையே மூடிவிட, தரை மட்டும் தெரிந்தது. பக்கத்தில் ரெஜினாவின் பாதங்கள். வேறு மாப்பிள்ளை தேடி அலைந்து வெடித்த குதிகால்கள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் முக்காட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

“அக்கா, அந்தப் பொய்யச் சொன்னது நான்தான்.”

“தெரியும்டி. என் மூஞ்சியப் பாத்துச் சொல்ல இத்தன நாளா?”

ரெஜினா பதில் சமாதானமாகக் கும்பிடவில்லை. பீடம்வரை சரிந்து கிடந்த துணியின் ஒரு முனையைக் குனிந்து எடுத்தாள்.

“இவ்வளவு நீளத்த ஒருத்தியால மடிக்க முடியாது. போய் அந்த முனையப் பிடி.”

முதல் மடிப்புக்கு இருவரும் எதிரெதிரே நடக்கத் தொடங்கினார்கள்.