ஏழாவது வீட்டுக்கு மட்டும் செடி

டவுன்ஷிப் ஆபீஸ் ஆள் கருணாகரன் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக் கோடு போட்டபடி என் பஸ்ஸை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

அந்தக் கோட்டின் மேல்தான் சுவர் எழும்பப் போகிறது. எட்டடி உயரம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாலும் அந்தப் பக்கம் எதுவும் தெரியாது.

குடியிருப்பை ஒட்டி வண்டி நிறுத்துமிடம் இருந்தால், வீடுகளின் கண்ணில் படாமல் அதை மறைக்க வேண்டுமாம். புது விதி. டவுன்ஷிப் ஆபீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். நல்ல விதிதான், குறை சொல்ல மாட்டேன். பதினாலு கான்ட்ராக்ட் பஸ் வரிசையாக நின்று புகை விட்டால் எந்த வீட்டில்தான் வெள்ளைத் துணி காயப்போட முடியும்?

ஆனால் சுவர் வந்துவிட்டால் எனக்குச் சரிதா தெரியமாட்டாள்.

எதிரே ஏழாவது குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். என் மகள். அவளோடு பேசி நாலு வருஷம் ஆகிறது.

அவள் கட்டிக்கொண்ட கலைச்செல்வனுக்கும் எங்கள் முத்தாண்டிக்குப்பம்தான். ஊர் ஒன்று, தெரு வேறு. அதற்காக நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. இனிமேல் வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லியும் அனுப்பினேன். அவன் மைன்ஸில் பெர்மனென்ட் ஆனதைக்கூட டிரைவர்கள் பேசிக்கொண்டதில்தான் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் எனக்கு ரூட் மாற்றினார்கள். இங்கே வண்டியை நிறுத்திய முதல் நாளே அவளைப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு வேறு ரூட் கொடுத்தாலும் வாங்குவதில்லை.

போய்ப் பேச வேண்டியதுதானே என்றால், அதுதான் முடியவில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க எனக்கு வாய் வராது. வீம்பு பிடித்த மனுஷன் என்று என் மனைவி ராஜாம்பாள் சொல்வது சரிதான்.

மூன்று மணிக்கு நிறுத்தினால் ஜெனரல் ஷிஃப்ட் விடும்வரை வேலை இல்லை. மற்ற டிரைவர்கள் வேப்பமர நிழலில் வண்டியைப் போட்டுவிட்டுச் சீட்டு ஆடுவார்கள். நான் மட்டும் வெயிலில், ஏழாவது வீட்டைப் பார்த்த மாதிரி நிறுத்துவேன். கேட்டால் காற்று நன்றாக வருகிறது என்பேன். காற்றாவது ஒன்றாவது, வண்டிக்குள் இட்லியே வெந்துவிடும்.

முன் கண்ணாடியில் துண்டைத் தொங்கவிட்டு, அதன் ஓரமாகப் பார்ப்பேன். நான் இருப்பது யாருக்கும் தெரியாது.

மூன்றரைக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வருவாள். கையில் சோற்றுக் கிண்ணம் இருக்கும். இந்தத் தூசியில் கொண்டுவந்தா ஊட்டுவாய் என்று பக்கத்து வீட்டு பிரபாவதி தினமும் திட்டுவது எனக்கே கேட்கும். சரிதா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். பஸ்ஸைக் காட்டினால்தான் குழந்தை வாய் திறக்கும் போலிருக்கிறது. இத்தனை பஸ் நிற்க, என் பஸ்ஸைத்தான் காட்டுவாள்.

குழந்தைக்கு அப்படியே ராஜாம்பாளின் மூக்கு. பெயர் வெண்மதி. சரிதா கூப்பிட்டதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் ராஜாம்பாளிடம் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிடுவாள். அப்புறம் என் வீம்பு என்ன ஆவது?

இன்று எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்குக் கடைக்கால் தோண்டினால் பத்து நாளில் சுவர் வந்துவிடும். குழந்தை ஓடுவதைப் பார்க்க மாட்டேன். பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க மாட்டேன்.

கோடு ஏழாவது வீட்டுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டது. கருணாகரன் பொடிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் ஜன்னலுக்குக் கீழே வந்தார். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லப் போகிறார் என்று சாவியில் கை வைத்தேன்.

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"ராஜாங்கம் நீங்கதானங்க? எல்லா வூட்லயும் செவுரு கேட்டாங்க. இந்த ஒரு வூட்ல மட்டும் செடிதான் வேணும்னு நின்னுகினு இருக்காங்க. செடி வளந்து மறைக்க ரெண்டு வருஷம் ஆவும். அதுவரைக்கும் தண்ணி ஊத்த, வண்டி நிறுத்தற பக்கத்து ஆளு ஒருத்தரு பொறுப்பு ஏத்துக்கணும். ரூல்ஸ் அப்படி. உங்க பேரைப் போட்டிருக்காங்க."

வாங்கிப் பார்த்தேன். சரிதாவின் எழுத்துதான். பொறுப்பாளர் பெயர் ராஜாங்கம். தொழில் பஸ் டிரைவர். அதற்குக் கீழே உறவுமுறை என்று ஒரு கட்டம். எந்த ஃபாரமாக இருந்தாலும் அப்படி ஒரு கட்டம் வைத்துவிடுகிறார்கள்.

அதில் 'அப்பா' என்று எழுதியிருந்தாள்.

ஒரு வருஷமாக நான் துண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன். ஒரு வருஷமாக அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டிக்கொண்டிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

ஸ்டியரிங் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். கோணல்மாணலாக வந்தது. தண்ணீர் எங்கே பிடிப்பது என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் ஏதுங்க கொழாய்? அந்த வூட்லதான் போயி புடிக்கணும். நான் ஃபாரம் வாங்கும்போதே வாசல்ல வாளியை எடுத்து வெச்சிட்டாங்க."