இன்றைய சோதனை

ஜெசிந்தா எழுதும் கணினி நிரல் கம்பெனியை விட்டு வெளியே போவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. நெருங்கிய சொந்தத்தின் குரலைப் போலியாக உருவாக்கி போன் வரும். அழுது கெஞ்சி ஏதாவதொரு ரகசிய எண்ணைக் கேட்கும். சொல்லிவிட்டால் நிரல் வெளியே போகாது. எழுதுகிற ஆளும் நிரலின் ஒரு பகுதிதானாம். போன மாதம், செத்துப்போன அம்மாவின் குரலையே பேசப் பேசத் துண்டித்தவள் அவள்.

இன்று கணவன் அருள்ராஜின் குரல்.

"ஜெசி, குப்பையைக் கொட்ட வெளிய வந்தேன், கதவு பூட்டிக்கிச்சு. நேத்து நீ மாத்தின பூட்டு நம்பரை எனக்குச் சொல்லவே இல்லையே. பாப்பா உள்ள தூங்குறா. அடுப்புல எண்ணெய் வச்சிருக்கேன், சீக்கிரம் சொல்லு."

"நல்லா நடிக்கிறீங்க," என்று துண்டித்தாள். மறுபடி அடித்தது. அந்த போன் நம்பரையே தடுத்துவிட்டாள்.

பக்கத்து சீட் ரஹீமா சிரித்தாள். "யாரு இந்த தடவை?"

"வீட்டுக்காரர். இருமல்கூட அப்படியே அவரோடதுதான்."

தேர்ச்சிச் சான்று வரட்டுமென்று திரையைப் பார்த்துக்கொண்டே காபியைக் குடித்தாள். கோப்பை பாதி காலியானபோது திரையில் எழுத்துகள் தோன்றின.

"வணக்கம் ஜெசிந்தா. இன்றைய சோதனையைத் தொடங்கலாமா?"