எந்த டின் முந்தும்?

"உம்மா, நாளைக்கும் ஒரு டின் மீன் வேணும். உடைக்காத டின்."

மின்ஹா கேட்டதும் றம்லாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"முந்தநாள்தானே ஒண்டு தந்தனான்?"

"அத உடைச்சாச்சு உம்மா. விஞ்ஞான டீச்சர் பலகையைச் சரிச்சு வச்சு, நிறைஞ்ச டின்னையும் காலி டின்னையும் ஒண்டா உருட்டுவா. எது முந்தும் எண்டு முதல்ல ஊகிக்கணும். பிறகு பார்க்கணும். கண்டத மட்டும் எழுதணும்."

"எது முந்திச்சு?"

"நிறைஞ்ச டின்."

"அப்ப முடிஞ்சுதே. இன்னொரு டின் என்னத்துக்கு?"

"தெரியா. திரும்பவும் உருட்டணுமாம்."

றம்லாவின் கணவன் முனாப் கிண்ணியாவில் மீன்கடை வைத்திருக்கிறான். மீன்காரன் பெண்சாதி டின் மீன் வாங்கினால் ஊர் என்ன கதைக்கும்? போன தடவையே கடைக்காரன் நஸ்ரி, "என்ன றாத்தா, முனாப் நானாட மீன் அவ்வளவு பழசா?" என்று நக்கலடித்துவிட்டான்.

மறுநாள் மகளிடம் டின்னைக் கொடுத்தனுப்பியவள், மனம் ஆறாமல் அபாயாவை மாட்டிக்கொண்டு தானும் பள்ளிக்கூடம் போனாள். அதிபர் தன் கந்தோர் அறையில் இருக்கவில்லை.

"சேர் வந்தா ஆறாம் வகுப்புக்கு வரச் சொல்லுங்க. விஞ்ஞான டீச்சரில முறைப்பாடு இருக்கு. இந்த டின் உருட்டுற கூத்தை இண்டையோட நிப்பாட்டணும்" என்று கந்தோரில் சொல்லிவிட்டு நடந்தாள்.

இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் கை கழுவ ஓடியிருந்தார்கள். வகுப்பில் கீர்த்தனி டீச்சர் மட்டும். உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வருகிற சின்னப் பெண். அவள் இருபக்கமும் பார்த்தாள். பிறகு, பலகையடியில் கிடந்த நல்ல காலி டின்னைச் சப்பாத்துக் காலால் நச்சென்று மிதித்தாள். டின் சப்பளிந்து போனது.

"நல்ல வேலை டீச்சர்" என்றாள் றம்லா வாசலில் நின்று. "நீங்களே மிதிச்சு நாசமாக்கிப்போட்டு, என்ட பிள்ளைட்ட டின் கேக்கிறீங்க."

டீச்சர் திடுக்கிட்டாள். மேசையில் ஒரு பையில் துண்டு துண்டாக வெட்டிய பாண் தெரிந்தது.

"அதென்ன, பாணையும் உருட்டுறீங்களா?"

பதில் வருமுன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

"பிள்ளையள், காலி டின் நெளிஞ்சு போச்சு" என்றாள் டீச்சர். "நாளைக்கு உருட்ட ஒண்டு வேணும். எல்லாரும் சேர்ந்து மின்ஹாட டின்னைக் காலியாக்குங்க பாப்பம்."

அது பிள்ளைகள் குறைந்த வகுப்பு. பாணும் மீனும் கைமாறின. பின்வரிசையில் ஒரு பிள்ளை மெல்லாமலே விழுங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று, விரலால் டின்னின் அடியை வழித்தது.

றம்லா வாசலிலிருந்து உள்ளே வந்தாள்.

கீர்த்தனி அவள் காதருகே குனிந்தாள். "காலையில சாப்பிடாம வந்தது ஆர் எண்டு கேட்டா ஒருத்தரும் கை உயர்த்தாதுகள், அக்கா. டின் காலியாகணும் எண்டா எல்லாக் கையும் நீளும். நேற்று நான் கொண்டுவந்தனான். ஒவ்வொரு நாளும் எனக்கு ஏலாது, அதுதான் மின்ஹாட்ட கேட்டன். சேருக்குத் தெரியாது. தெரிஞ்சா பேர் கேப்பார், பிள்ளையளுக்கு வெக்கமாப் போயிரும்."

அதிபர் அஷ்ரப் உள்ளே வந்தார்.

"என்ன றம்லா, டீச்சரில முறைப்பாடாம்? டின் உருட்டுறத நிப்பாட்டவாம்?"

பிள்ளைகள் மெல்லுவதை நிறுத்தினார்கள். கீர்த்தனி பாண் பையை மேசைக்கடியில் தள்ளினாள்.

"ஓம் சேர், முறைப்பாடுதான்" என்றாள் றம்லா. "டீச்சர் சரியான அவசரக்காரி. ரெண்டு மூண்டு தரம் உருட்டிப்போட்டு விஞ்ஞானம் படிக்க ஏலுமா? தவணை முடியுமட்டும் உருட்டச் சொல்லுங்க."